ஜியோடேக் சார்

நாட்டுப்பண் முடிந்து கூட்டம் டீயைத் தேடிக் கிளம்பும் நேரத்தில், "ஒரு நிமிஷம், யாரும் நகராதீங்க! ஜியோடேக் வரல!" என்று செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறாரே, அவரேதான். எங்கள் கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு (ஐ.க்யூ.ஏ.சி.) ஒருங்கிணைப்பாளர்.

படத்தில் முகம் விழாவிட்டால் அவருக்குக் கவலையில்லை. கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் நான்கும் விழ வேண்டும். அரங்குக்குள் சிக்னல் எடுக்கவில்லையென்று, எழுபது வயது சிறப்பு விருந்தினரை மாலையும் பொன்னாடையுமாக வெயிலில் நிற்க வைத்தார். சாய்தளம், மழைநீர்த் தொட்டி, குப்பைக்கூடை எதையும் விட்டதில்லை. மரக்கன்று நட எங்களிடம் குழி ஒன்றுதான். வருஷா வருஷம் கன்று மட்டும் மாறும்.

ஒருமுறை ஜி.பி.எஸ். குழம்பி, எங்கள் தேசியக் கருத்தரங்கு மீன் மார்க்கெட்டில் நடந்ததாகக் காட்டிவிட்டது. மறுநாள் பேனர் கட்டி, ஆட்களை உட்கார வைத்து மறுபடி எடுத்தார். பேச்சாளர் மட்டும் இல்லை. படத்தில் தேதி மாறிவிட்டதே? அறிக்கையிலும் மாற்றிவிட்டார். ஆக, நடந்த கருத்தரங்குக்கு ஆதாரம் இல்லை. நடக்காததற்குப் பக்காவாக இருக்கிறது.

பாட விளைவுகளையும் பட்டப்படிப்பின் விளைவுகளையும் இணைக்கும் சி.ஓ.-பி.ஓ. அட்டவணையில் அவர் எங்களை 3, 2, 1 நிரப்பச் சொல்வது தனிக்கதை. ஏன் 3, ஏன் 2 என்று நிரப்பியவருக்கே தெரியாது.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தர 1994-இல் தொடங்கப்பட்ட நாக், 2017-இல் மதிப்பீட்டு முறையை மாற்றியது. மதிப்பெண்ணில் சுமார் 70 விழுக்காடு, கணினியில் ஏற்றும் புள்ளிவிவரங்களுக்கே போயிற்று. கல்லூரி வாசலைக்கூடப் பார்க்காத யாரோ சரிபார்த்து "ஆதாரம் போதாது" என்று திருப்பினால், மாட்டிக்கொள்வது இவர். ஆண்டறிக்கையின் கடைசித் தேதியில் சர்வர் படுத்துவிட, ராத்திரி பதினோரு மணிக்கு பன்னை டீயில் நனைத்துத் தின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. மறுநாள் காலை முதல் பீரியடும் அவருக்குத்தான்.

ஆனால் அவர் வேலை என் வகுப்புக்குள் வந்தபோது அந்தப் பாவம் கோபமாகிவிட்டது. பாடம் பாதியில் நிற்க, மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஐந்து வருஷத்துப் படங்களுக்கு 7.1.4, 7.1.5 என்று நாக் அளவுகோல் எண்களாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்று நூலகத்துக்குப் போன பிள்ளைகளையும் அவர் விடவில்லை. "நூலகப் பயன்பாடு" என்று ஜியோடேக்கோடு எடுத்துவிட்டார். நடக்காத என் வகுப்பைப் பற்றி எந்தப் படிவமும் கேட்கவில்லை.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு டேட்டா என்ட்ரிக்கு ஓர் ஆளைப் போடுங்கள், பாடவேளையையும் குறையுங்கள். வகுப்பு நேரத்தில் படமோ கோப்போ யாரிடமும் கேட்கக் கூடாதென்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு ஜியோடேக் வேண்டாம்.