ஏழு லட்சத்துப் பேராண்டி

வாடா பேராண்டி, உட்காரு. அந்த ஃபைல முதல்ல கட்டில் மேல வை. ரெண்டு கையாலயும் நீ புடிச்சிருக்கிறதப் பார்த்தா ஏழு லட்சமும் அதுக்குள்ளயே இருக்கிற மாதிரி தெரியுது.

பி.எம்.இ.ஜி.பி., அதான் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்து லோனா? நல்ல லோன்தான். 2008லேர்ந்து இருக்கு, உன் காதுக்குத்தான் இப்ப வந்திருக்கு. பொதுப்பிரிவுக்கு டவுன்ல 15 சதவீதம் மானியம், கிராமத்துல 25. பிற்பட்டவங்க, பட்டியல் சாதிக்காரங்க, பொம்பளைங்கன்னா 25, 35. ஓசூர் 2019லயே மாநகராட்சி ஆயிடுச்சு. அதான், நேத்து வரைக்கும் பட்டிக்காடுன்னு நீ திட்டின நம்ம ஊர் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது. எல்லைப் பகுதிக்கும் 35 உண்டாமே, நாம கர்நாடகா பார்டராச்சேன்னு வேற கேக்கற. ஏன்டா, அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட சீனாக்காரனா இருக்கான்? உன் சாதி சர்டிபிகேட்டே 35க்குப் போதும்.

இருபது லட்சத்துக்கு சி.என்.சி. மெஷின். உன் கைக்காசு 5 சதவீதம், 1 லட்சம். மீதி 19 லட்சம் பேங்க் குடுக்கும். சர்க்கார் 7 லட்சம் அனுப்பும், உனக்கில்ல, பேங்குக்கு. மூணு வருஷம் அது டெபாசிட்டுல கிடக்கும். அதுக்கு வட்டி வராது, அந்த அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டாங்க. அப்புறம் மெஷின் ஓடுதான்னு நேர்ல பார்த்துட்டுத்தான் கடன்ல கழிப்பாங்க. சீர்வரிசைய ஊருக்கெல்லாம் காட்டிட்டு, குடித்தனம் ஒழுங்கா நடந்தாத்தான் பீரோ சாவின்னு சொல்ற மாமனாரு இந்த சர்க்கார். நீ என்னடான்னா அத நம்பி புல்லட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியாமே!

கொட்டேஷனப் பார்த்தேன். சப்சிடி லோன்னு டீலர்கிட்ட வாயத் தொறந்தியா? விலை வீங்கியிருக்கு. ரொக்கத்துக்கு வாங்குற ஆளு மாதிரி இன்னொருத்தன அனுப்பிக் கேட்டுப் பாரு.

மெஷின் வந்துடும், வேலை? லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன்னு சிப்காட்ட வாயால அளக்கற. அவங்களுக்கு சப்ளையர் ஒருத்தன், அவனுக்குக் கீழ ஒருத்தன், அவன்கிட்ட ஜாப் ஒர்க் பண்றவன் நீ. 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல பணத்த இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. பிரமாதமான சட்டம். கேஸ் போட்டு வட்டிய வாங்கிடலாம், அடுத்த ஆர்டர யாருகிட்டடா வாங்குவ? ஈ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாம வந்து நிக்கும்.

அதனால முதல்ல ஒரு ஆர்டர எழுத்துல வாங்கிட்டு வா.

ஷெட்டா? நிலத்து விலைய திட்டச் செலவுல சேர்க்க முடியாது. ஷெட் வாடகைய மூணு வருஷம் வரைக்கும் சேர்க்கலாம். என்ன முழிக்கற? உன் ஃபைலுக்கு முன்னாடி நான் ரூல்ஸத்தான் படிச்சேன். பெங்களூரா மாங்கா கொட்டி வெக்கிற நம்ம தோப்பு ஷெட் சும்மாத்தான் கிடக்கு, ஊராட்சி எல்லைக்குள்ளதான் வருது. அக்ரிமெண்ட் என் பேர்ல போடு. தாத்தாதானேன்னு வாடகையக் குறைச்சு எழுதிடாத, பேங்க்காரங்க சந்தேகப்படுவாங்க.