ஏழு கிலோவும் எழுபது பாசலும்

மோனை, நீ பயணம் வெளிக்கிடப் போறாய் எண்ட கதை உன்ரை வாயாலை வரமுன்னம் சரவணை வரைக்கும் போட்டுது. அதுதான் காலமை தொடக்கம் படலை சாத்தினபாடில்லை. நாரந்தனையிலை இருந்து ஒரு கிழவி ஒடியல் மாவோடை வந்தா. சுருவிலிலை இருந்து ஒருத்தர் நல்லெண்ணெய்ப் போத்தலோடை வந்தார். உன்ரை சின்ன மாமி மட்டும் வெறுங்கையோடை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறா. அவவிலைதான் எனக்குக் கூட ஐமிச்சம். பின்னேரம் பார், பாசல் தனியாய் வரும்.

ஆருக்கும் நீ ஏலாதெண்டு சொல்லேல்லை. பாரிசிலை லாச்சப்பலுக்குப் போனால் இதெல்லாம் கடை கடையாய்க் கிடக்கெண்டு உனக்கும் தெரியும், தந்தவைக்கும் தெரியும். தெரிஞ்சும் தருவினம். அங்கை இருக்கிற பிள்ளை கடை மாவிலை கூழ் குடிச்சால் தாயை மறந்துபோகும் எண்டு அவைக்கு ஒரு பயம். அந்தப் பயம் ஆளுக்கு அரைக் கிலோ நிறை வரும். சுமக்கிறவன் நீ.

பெரிய சூட்கேசைப் பற்றி நான் கதைக்கேல்லை. அதைக் குடுத்தால் கொண்டு போவாங்கள், துலைச்சாலும் அவங்கள் பாடு. என்ரை கவலை உந்தக் கைப்பைதான். ஏழு கிலோ எண்டு ரிக்கற்றிலை வடிவாய்ப் போட்டிருக்கு. நீ அதை வாசிச்சனியோ? பலாலியிலை நீ ஏறப்போறது காத்தாடி பூட்டின சின்ன ஏரீஆர் பிளேன். அதிலை தலைக்கு மேலை இருக்கிற தட்டுக்குள்ளை உன்ரை உருட்டுப் பை பாதிதான் போகும். மிச்சப் பாதியைப் பிளேனிலை வேலை செய்யிற பிள்ளை வந்து பார்த்துச் சிரிக்கும். சிரிப்புக்கு நீ மயங்காதை, பின்னாலை காசு கேப்பினம்.

நான் பிளேன் ஏறாதவன் எண்டு உனக்கு ஒரு நக்கல். ஓம், ஏறேல்லைத்தான். ஆனால் இந்த ஊரிலை இருந்து பிளேன் ஏறின ஆக்களிலை முக்கால்வாசிப் பேரின்ரை பையை இந்த மாமரத்துத் தராசிலை தூக்கி நிறுத்தவன் நான். மீன் நிறுக்க வாங்கின தராசு. இப்ப மீன்காரன் வாறதிலும் பாக்க விசாக்காரர்தான் கூட வருகினம். எந்தப் பைக்குள்ளை என்ன கிடக்கெண்டு எக்ஸ்ரே மிஷினுக்கு முதலே எனக்குத் தெரியும்.

பலாலியும் எங்களைப் போலை பாடுபட்ட இடம்தான். 2019 ஒக்ரோபர் 17 ஆம் திகதி சர்வதேச விமான நிலையம் எண்டு திறந்தாங்கள். அடுத்த வருசம் மார்ச்சிலை கொரோனா வந்து பூட்டினாங்கள். 2022 டிசம்பரிலைதான் சென்னைப் பிளேன் திரும்பி வந்தது. இல்லாட்டில் நீயும் இரவிரவாய் வானிலை குந்திக்கொண்டு கட்டுநாயக்காவுக்கெல்லோ போகவேணும். ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ளை சென்னை. அங்கை பிளேன் மாறேக்கை திரும்ப ஒரு சோதனை. வேண்டின சலுகைக்கு வட்டி.

சோதனை எண்ட உடனை உன்ரை முகம் சுருங்குது. பெல்ட்டைக் கழட்டு, கையைத் தூக்கு எண்டால் உங்களுக்கு மானம் போகுது. மோனை, எங்களுக்கு அது பழகின தொழில். ஏ9 பாதை திறந்திருந்த காலத்திலை ஓமந்தையிலை ஒருக்கா இறங்கி, முகமாலையிலை ஒருக்கா இறங்கி, ஒரே பையை ஆமியும் கிளறி இயக்கமும் கிளறி, பாவாடையும் பனங்கட்டியுமாய் மேசையிலை பரப்பி வைச்சுக்கொண்டு நிண்டவை நாங்கள். 2006 ஓகஸ்ட் 10 ஆம் திகதி லண்டனிலை கொஞ்சப் பேரைப் பிடிச்சாங்கள். சோடாப் போத்தலுக்கை வெடிமருந்துத் தண்ணி கொண்டுபோய் பிளேனைத் தகர்க்க இருந்தவையாம். அண்டைக்குத் தொடங்கினதுதான் உந்தத் தண்ணித் தடை. பால்குடிப் பிள்ளையின்ரை பாலைத் தாயே குடிச்சுக் காட்டவேண்டி வந்தது. அதுக்கு அடுத்த நாள், 11 ஆம் திகதி, முகமாலையிலை சண்டை வெடிச்சு ஏ9 பாதை பூட்டுப்பட்டுது. உலகம் முழுக்கப் பையைப் பிரிச்சுக் காட்டப் பழகின அதே கிழமை, எங்களுக்குப் பையோடை போறதுக்கே பாதை இல்லாமல் போட்டுது. சண்டை முடியுமட்டும் சனத்துக்கு அது திறபடேல்லை.

அதாலை பை கட்டுறதைப் பற்றி எங்களிட்டைக் கேள். கட்டுறது பெரிய வேலையில்லை. கொட்டின பிறகு, பின்னாலை நிக்கிற நூறு பேர் முதுகிலை மூச்சு விட, அதே பைக்குள்ளை அதே சாமானைத் திரும்ப அடைக்கிறதுதான் வேலை. உன்ரை அம்மம்மா ஓமந்தையிலை அதை மூண்டு நிமிசத்திலை செய்வா. நீ என்ன செய்திருக்கிறாய்? பையின்ரை சிப்பிலை முழங்காலை வைச்சு அமத்திப் பூட்டியிருக்கிறாய். உது ஒருக்காத்தான் பூட்டுப்படும். அங்கை திறந்தால் அடுத்த தைப்பொங்கலுக்குத்தான் சாத்தலாம்.

இப்ப உந்தப் பனங்கட்டியைப் பற்றிச் சொல்லுறன், காதைத் தா. மிஷினுக்கு முன்னாலை இருக்கிறவனுக்கு உன்ரை சாமான் நிறத்திலைதான் தெரியும். இரும்பு, கம்பி எல்லாம் நீலம். சாப்பாடு, துணி, தாள், பிளாஸ்ரிக் மாதிரிச் சாதியெல்லாம் செம்மஞ்சள். இடைப்பட்டது பச்சை. வெடிமருந்திலை கனக்கவும் அந்தச் செம்மஞ்சள் சாதிதான். அதிலையும் அடர்த்தியாய்க் கட்டி பட்ட சாமான் எண்டால் கடும் செம்மஞ்சளாய்த் தெரியும். இனி நீயே யோசி. ஒரு குட்டான் பனங்கட்டி, அதுக்குப் பக்கத்திலை பாய் மாதிரி மடிச்ச பனாட்டு, அதுக்கு மேலை றப்பர் பாண்ட் போட்டுக் கட்டின புழுக்கொடியல் கத்தை, அதைச் சுத்தி உன்ரை ரெலிபோன் வயர். கடவுளே, படத்திலை வாற குண்டுக்குக்கூட இவ்வளவு வடிவாய்ச் சோடிக்கமாட்டாங்கள்! அந்தப் பெடியன் மிஷினை நிப்பாட்டிப் பெரியவரைக் கூப்பிடாமல் என்ன செய்வான்? அவனிலை பிழையில்லை. புழுக்கொடியல் எண்டால் என்னெண்டு அவனுக்கு விளங்கப்படுத்தப் போகாதை. பனங்கொட்டையைத் தாட்டு, முளைக்கவிட்டு, கிழங்கைக் கிண்டி அவிச்சு, வெயிலிலை போட்டு எண்டு நீ சொல்லி முடிக்கமுன்னம் பிளேன் வெளிக்கிட்டிடும். தட்டையாய்ப் பரப்பி வை. வயரை வேறையாய் வை. அவ்வளவுதான்.

இன்னொண்டு. நேற்று நீ வெங்காயத் தோட்டத்துக்கை நிண்டு படம் எடுக்கிறன் எண்டு உர வாளியைத் தூக்கினனி. கையை வடிவாய்க் கழுவினனியோ? சில எயார்போட்டிலை சின்னத் துண்டாலை உன்ரை கையையும் பையையும் துடைச்சு ஒரு மிஷினுக்கை வைப்பாங்கள். உரத்தின்ரை பிசுக்கு இருந்தால் அது கத்தக்கூடும். சிரிக்காதை. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை எண்டு யாழ்ப்பாணத்துக்கு யூரியா வரவிடேல்லை, உரத்திலை குண்டு செய்வாங்களெண்டு. நாங்கள் வெங்காயத்துக்குச் சாணியும் குழையும் தாட்டுத்தான் சீவிச்சனாங்கள். பற்றரியும் விடேல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவிலை ரேடியோ கேட்டனாங்கள். இப்ப என்னெண்டால் பவர் பாங்க் எண்ட பற்றரியைப் பெரிய சூட்கேசிலை போடாதை, கையிலைதான் கொண்டு வா எண்டு அவங்களே சொல்லுறாங்கள். கீழை சாமான் அறையிலை பத்தினால் ஆரும் காணமாட்டினமாம், மேலை பத்தினால் தண்ணி ஊத்தலாமாம். ஒரு காலத்திலை பற்றரி கையிலை வைச்சிருந்தால் பிடிச்சாங்கள், இப்ப கையிலை இல்லாட்டில் பிடிக்கிறாங்கள்.

சரி, நல்லெண்ணெய். அதைக் கைப்பையிலை இருந்து எடு. நூறு மில்லிக்கு மேலை விடமாட்டாங்கள். போத்தலின்ரை அளவுதான் கணக்கு, உள்ளுக்கை கிடக்கிற எண்ணெய் இல்லை. பெரிய போத்தலின்ரை அடியிலை ரெண்டு சொட்டுக் கிடந்தாலும் குப்பைக்குத்தான். மாங்காய் ஊறுகாய் தண்ணியோ எண்டு கேட்டுச் சண்டை பிடிக்காதை. சட்டத்துக்கு அது தண்ணிதான். நெய்யும் தண்ணி, ஜாமும் தண்ணி. உன்ரை மனிசிக்கு வாங்கின சந்தனாதித் தைலமும் தண்ணி. அங்கை இங்கை புது மிஷின் வந்திருக்கு, பேர்மிங்காமிலையும் எடின்பரோவிலையும் 2025 ஆடி மாதத்திலை இருந்து ரெண்டு லீற்றர் வரைக்கும் விடுறாங்கள் எண்டு உன்ரை லண்டன் மச்சான் ரெலிபோனிலை பீத்தினவன். நீ அந்த வழியாலையோ போறாய்? ஐரோப்பாவிலை அதே மாதிரி மிஷின் வைச்சுச் சில இடத்திலை விட்டுப்போட்டு, 2024 செப்ரெம்பரிலை திரும்பவும் நூறு மில்லி எண்டவங்கள். மச்சான்ரை பேச்சும் மிஷின்ரை பேச்சும் நம்பி எண்ணெய் ஊத்தாதை.

தேங்காயைக் கோயில் ஐயர் தந்தவர் எண்டு கைப்பையிலை வைச்சிருக்கிறாய். பக்தி நல்லதுதான். ஆனால் சென்னையிலை அதைக் கையோடை விடமாட்டாங்கள். காய்ஞ்ச கொப்பரை எண்டால் எண்ணெய் இருக்கு, நெருப்புப் பிடிக்குமெண்டு இன்னும் மோசம். 2024 கடைசியிலை சபரிமலைச் சாமிமாருக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கையோடை கொண்டுபோக விட்டாங்கள், அதுவும் 2025 தை 20 மட்டும்தான். நீ மாலையும் போடேல்லை, விரதமும் இல்லை, நேற்றுக் கணவாய்ப் பிரட்டலோடை ரெண்டு தரம் சோறு போட்டுத் திண்டவன். உன்னை ஐயப்பனும் காப்பாற்றமாட்டார். கற்பூரத்தையும் எடு, அது கையிலும் வேண்டாம் சூட்கேசிலும் வேண்டாம்.

பாரிசிலை இறங்கின பிறகு சுங்கக்காரன் இருக்கிறான். அவன்ரை சட்டத்தைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். 2019 டிசம்பரிலை இருந்து ஐரோப்பாவுக்குப் பழம், இலை, காய் எதையும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகேலாது. அஞ்சுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, தூரியன், பிறகு தேங்காய். பாத்தியோ, இந்தியாக்காரன் பிளேனுக்குள்ளை விடாத தேங்காயை வெள்ளைக்காரன் நாட்டுக்குள்ளை விடுவான்! உன்ரை கொம்மா துணியிலை சுத்தி ஒளிச்சு வைச்ச கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு விலக்கில்லை. கறிவேப்பிலைக்கும் இல்லை. இறைச்சி கூடாது, பால், நெய் கூடாது. ஆனால் மீன் சாமான் ஒருத்தருக்கு இருபது கிலோ வரைக்கும் கொண்டுபோகலாம். இருபது கிலோ! தீவாருக்கெண்டே ஆரோ எழுதின சட்டம் போலை கிடக்கு. கட்டாக் கருவாட்டைப் பெரிய சூட்கேசிலை தாராளமாய் வை. கைப்பையிலை மட்டும் வேண்டாம். சட்டம் விட்டாலும் பக்கத்துச் சீற்றிலை இருக்கிற மனிசர் விடாயினம்.

ஒரு முக்கியமான புத்தி. பலாலியிலை நிக்கிறவன், இதை நீயோ கட்டினாய், ஆரும் ஏதும் தந்தவையோ எண்டு கேட்பான். நீ நாரந்தனைக் கிழவியிலை தொடங்கிக் கதை சொல்லப் போகாதை. அதுக்காகப் பொய்யும் சொல்லாதை. பொய் சொல்லாமல் இருக்க ஒரே வழி, இப்பவே ஒவ்வொரு பாசலையும் அவிட்டுப் பார்க்கிறது. அவிட்டதிலை தேவையில்லாததை எடுத்து வை. அவிட்டுப் பார்த்ததுக்கு ஆரும் கோவிச்சால், பெரியவர்தான் அவிட்டார் எண்டு என்ரை தலையிலை போடு. எனக்கு இந்த வயசிலை கோவம் ஒண்டும் தைக்காது.

தூக்கு பையை. மெல்ல. கொழுக்கியிலை மாட்டு. பார், ஒன்பதே முக்கால்!

சரி, என்ன எடுக்கிறது? கிழவியின்ரை ஒடியல் மா இருக்கட்டும், அதை எடுத்தால் அவ வாழ்நாள் முழுக்க என்னோடை கதையா. எண்ணெய் இஞ்சை வை. தேங்காய் இஞ்சை. ஊறுகாய் இஞ்சை. மாம்பழத்தையும் தா, துணியோடை தா. உதென்ன, சின்ன மாமியின்ரை பாசலோ? நான் சொல்லேல்லையே! பருத்தித்துறை வடை, ஒரு ரின் நிறைய. இது எக்ஸ்ரேயிலை ஒரு பிரச்சினையும் இல்லைத்தான். ஆனால் நிறை, மோனை, நிறை. பனாட்டிலையும் பாதியை எடு.

மற்றது, என்ரை தராசு முக்கால் கிலோ கூடக் காட்டும் எண்டு ஊரிலை ஒரு கதை கிடக்கு. இந்த வீட்டிலை வருசம் முழுக்கப் பனங்கட்டி முடியாததைப் பார்த்து எரிச்சல் பட்டவை கட்டிவிட்ட கதை அது. நம்பாதை. ஐமிச்சம் இருந்தால் பலாலியிலை போய் நிறுத்துப்போட்டு எனக்கு ஒரு கோல் எடு. வடை ரின்னை மட்டும் உந்தக் கதிரையிலை வைச்சிட்டுப் போ.