ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்ட்?

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவிக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. இப்போது டாக்டர் என்னை விந்துப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார். ‘ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்ட்?’ என்கிறார் அம்மா. ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை. போகட்டுமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: தடிமன் அளக்காமல் ஒரு தோலைக்கூட வெட்டாத ஊரில் இருந்துகொண்டு இப்படியொரு கேள்வியா! முதலில் உங்களுக்குத்தான் எடுத்திருக்க வேண்டும். ஊசியில்லை, செலவும் குறைவு. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் உண்டு.

அன்று திண்டிவனத்தில் ஆண் டாக்டர் கூடாதென்று கணவன்மார் மறுத்ததால், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் என்ற பெண் டாக்டரானார். 1900-ல் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கினார். இப்போது கூச்சம் கணவன்மாருக்கு!

2 முதல் 7 நாள் விலகியிருந்து மாதிரி கொடுங்கள். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். வழியில் பிரியாணிக்கு நிற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு: மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் வெறும் 4 சதவீதம். நூற்றுக்கு 96 கோணல்மாணலாக இருந்தாலும் பாஸ்!

குறைந்தாலும் பதறாதீர்கள். அணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கும். போன மாதக் காய்ச்சல்கூட எண்ணிக்கையை இறக்கிவிடும். மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். பசையில் கலக்கும் சில கரைப்பான்களும் அணுவைப் பாதிக்கும் என்பதால், பசை டின் லேபிளை செல்போனில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் ரிசல்ட் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.