தேலிஸ், பன்னிரண்டாம் முறை

போன வியாழக்கிழமை ராத்திரி என் போன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் பார்த்தால், நான் பாட்காஸ்ட் கேட்கிற ஆப்பில் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த டிக் மார்க் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் நடையின்போது அரிஸ்டாட்டில் தன்னுடைய நாலு காரணங்களில் மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தார். கீரைக்காரம்மா கூப்பிட்டதால் நிறுத்தினேன். அந்த மூன்றாவது காரணம் எங்கே போயிற்றோ. திரையின் உச்சியில் தேலிஸ் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கீழே பொடி எழுத்தில், ‘கேட்கப்படவில்லை’.

கேட்கப்படவில்லையா? பதினோரு தடவை கேட்டிருக்கிறேனய்யா!

பையனைக் கூப்பிட்டுப் புலம்பினேன். “க்ளவுட்ல இருக்கும்பா, தேடிப் பாருங்க” என்றான். கி.மு. 423-இல் அரிஸ்டோஃபனீஸ் ‘மேகங்கள்’ என்று ஒரு நாடகம் போட்டு, சாக்ரடீஸைக் கூடையில் உட்கார வைத்து அந்தரத்தில் தொங்கவிட்டார். மேகத்தை நம்பினவன் கதி அன்றைக்கே அதுதான்.

நான் கேட்பது பீட்டர் ஆடம்சன் என்ற பேராசிரியர் 2010-இல் ஆரம்பித்த தொடர். ஒவ்வொரு பகுதியும் இருபது நிமிஷம், முன்னே பின்னே. நானூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நல்ல மனிதர். எதை விளக்கினாலும் நடுவில் ஒரு ஒட்டகச்சிவிங்கியை இழுத்து வருவார். ‘இடைவெளியே இல்லாத தத்துவ வரலாறு’ என்பது தலைப்பு. இடைவெளி இல்லாதது அவர் பக்கம். என் பக்கம் குக்கர் விசில், கூரியர் பையன், லஸ் முனையில் ஹாரன், இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம்.

இந்த இரண்டு வருஷக் கேள்வி ஞானத்தால் என் வாழ்க்கையில் உருப்படியான மாற்றம் ஒன்றே ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் தேலிஸைப் பற்றி இரண்டு வார்த்தை.

பதினோரு தடவை எதற்கு என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கொலு, கல்யாணம், காய்ச்சல் என்று பத்து நாள் விட்டுப்போனால், மறுபடி நடுவிலிருந்தா ஆரம்பிப்பது? தொடர்ச்சி வேண்டாமா? ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போவதை மட்டும் எத்தனை தடவை படித்திருக்கிறீர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இதில் வேடிக்கை, அந்த ஏரித் தண்ணீர்தான் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து நம் ஊருக்கு வருகிறது. தேலிஸும் தண்ணீர்க் கட்சிதான். உலகத்தில் எல்லாமே தண்ணீர் என்றவர்.

மிலேட்டஸ் என்ற துறைமுக ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்வது பெரிய காரியமில்லை. மயிலாப்பூரில் உட்கார்ந்து கேட்பதுதான் காரியம். 2015 டிசம்பரில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் தண்ணீராகத்தான் இருந்தது, தேலிஸ் ஜெயித்தார். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், ஒவ்வொன்றிலும் ஐம்பதாயிரம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் அடுக்ககத்தில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் இல்லை. பேச்சு, கனவு, சண்டை, வாட்ஸ்அப் எல்லாம் தண்ணீர். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடித்து சம்ப்புக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் மெய்ப்பொருளைத் தேடியவர்கள்தான்.

ஆனால் தேலிஸிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. எந்தத் தண்ணீர்? பிற்பாடு எம்படக்ளீஸ் வந்து நிலம், நீர், காற்று, நெருப்பு என்று நாலாகப் பிரித்தார். அவர் இந்த ஊரில் குடியிருந்தால் நாலையும் தண்ணீரிலேயே முடித்திருப்பார்: மெட்ரோ தண்ணி, போர் தண்ணி, லாரி தண்ணி, கேன் தண்ணி. கேன் குடிக்க. மெட்ரோ சமைக்க. போர் குளிக்க, குழாயில் வெள்ளைப் பொருக்குக் கட்ட. லாரி, நமக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்குப் போக. ஒன்று இன்னொன்றாக மாறுமா என்பது கிரேக்கர்களுக்குப் பெரிய சர்ச்சை. கேன் தண்ணீர் தீர்ந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தண்ணீர் கேன் தண்ணீராக மாறுவதை எங்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பூமி ஒரு மரக்கட்டை போலத் தண்ணீரில் மிதக்கிறது என்றும் தேலிஸ் சொன்னாராம். மழைக் காலத்தில் தி. நகர் சுரங்கப்பாதையில் கார் ஓட்டியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

அவர் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்தார், திரேஸ் நாட்டு வேலைக்காரப் பெண் சிரித்தாள் என்று பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. இதை ஆறாவது தடவை கேட்டபோதுதான் ஸ்லாப் பெயர்ந்த நடைபாதையில் என் இடது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. “காதுல அதைக் கழட்டு சாமி மொதல்ல” என்றார். இத்தனைக்கும் தேலிஸ் அசடு இல்லை. ஒலிவ விளைச்சல் அமோகமாக வரும் என்று கணித்து, குளிர்காலத்திலேயே ஊரிலுள்ள செக்குகளுக்கெல்லாம் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துப்போட்டு, சீசனில் கேட்ட விலைக்கு விட்டார் என்கிறார் அரிஸ்டாட்டில். தை முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே தி. நகர் மண்டபங்களை வளைத்துப்போடுகிறவர் தேலிஸின் நேர் வாரிசு. ‘எல்லாம் தெய்வங்களால் நிறைந்திருக்கிறது’ என்பதும் அவர் வாக்குதான். அதை அறுபத்துமூவர் அன்றைக்கு மாட வீதியில் ஆட்டோ கிடைக்காமல் நிற்கிறவனிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வார்த்தை என்றேன். என்ன செய்ய, வேறு யாரைப் பற்றியும் எனக்கு இவ்வளவு தெரியாது. ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்ற ஹெராக்ளிட்டஸ் வரை கொஞ்சம் தெளிவு. (இந்த இடத்தில் கூவத்தை வைத்து ஒரு ஜோக் அடிப்பது மரபு. அடித்ததாக வைத்துக்கொள்ளவும்.) பார்மெனிடீஸ் வரும்போது படுக்கைக்குப் போய்விட்டேன். எதுவுமே மாறுவதில்லை என்றார், தூங்கிப்போனேன். காலையில் எழுந்தால் உண்மையிலேயே எதுவும் மாறியிருக்கவில்லை, காது மட்டும் வலித்தது. அதற்குள் ஒன்பது பகுதிகள் தானாக ஓடி, ஒன்பது டிக் விழுந்திருந்தது. அந்தக் கணக்குப்படி நான் எப்போதோ பண்டிதன்.

காதால் படிப்பதற்குத் தாத்தா பித்தாகரஸ். அவரிடம் சேர்ந்த சீடன் ஐந்து வருஷம் வாயைத் திறக்கக் கூடாது, திரைக்கு அந்தப் பக்கம் குரு பேசுவதைக் கேட்க மட்டும் வேண்டும் என்று ஐதீகம். முகம் தெரியாது, குரல் மட்டும். இதை நான் மெய்சிலிர்த்துப்போய் வீட்டில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரை வகையைச் சாப்பிடக் கூடாது என்றும் அவர் சொன்னார் என்றேன். அடுப்பில் அவரைக்காய்ப் பொரியல் இருந்தது.

“அவர் வீட்டுல யார் சமைச்சாங்க?”

அந்தப் பகுதியில் அது வரவில்லை.

“அஞ்சு வருஷம் பேசக் கூடாதுன்னு சொன்னாரே, அதை மட்டும் நீங்க எடுத்துக்குங்க” என்றாள்.

காதால் கற்பது நமக்குப் புதிதா என்ன? சபாவில் உபன்யாசம் கேட்டே ராமாயணம் முழுக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தெருக்களில் இருந்தார்கள். சாக்ரடீஸே எனக்குக் காது வழியாகத்தான் அறிமுகம். 1956-இல் வந்த ‘ராஜா ராணி’ படத்தில் சிவாஜி சாக்ரடீஸாக ஓரங்க நாடகம் நடிப்பார், வசனம் கலைஞர். என் சின்ன வயசில் எந்தக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அவர் விஷம் குடித்துக்கொண்டிருப்பார். கீழே பந்தியில் பாயசம். சாகப்போகிறவர் இவ்வளவு பேசுவாரா என்று அப்போது சந்தேகப்பட்டேன். பிளேட்டோ எழுதியதில், விஷம் கொடுக்கிற ஆளே எச்சரிக்கிறார்: ரொம்பப் பேசினால் உடம்பு சூடாகும், இரண்டு மூன்று தடவை குடிக்க வேண்டிவரும் என்று. அப்படியே தயார் செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார் மனிதர். அந்த மனிதருக்கு வசனம் எழுதக் கலைஞர்தான் சரி.

அப்படி ஒரு பந்தியில் எதிர் இலைக்காரர் “எதுக்குய்யா விஷம் குடுத்தாங்க?” என்று கேட்டார். நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். இரண்டு தப்பு, ஒன்று அபாண்டம். இருந்தாலும் பேச்சு நடந்தது. திருக்குறளில் நாற்பத்திரண்டாவது அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர். காதால் கேட்டு அறிவது. நம் பாஷையில் கேட்டுக்கொள்வதும் கேள்வி, கேட்டுவிடுவதும் கேள்வி. காதில் செருகுகிற இந்தப் பட்டாணி முதல் கேள்வியைக் கொடுத்து இரண்டாவதைப் பிடுங்கிக்கொள்கிறது. எழுத்தைப் பற்றி சாக்ரடீஸ் சொன்ன குறையும் இதுதான்: என்ன கேட்டாலும் சொன்னதையே திருப்பிச் சொல்லும். அதை அவர் சொன்னது ஃபீட்ரஸ் என்ற பையனிடம். ஆற்றங்கரையில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், பையன் ஒரு பிரசங்கச் சுருளை மேலாடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். இன்றைக்கென்றால் ஒரு காதில் மாட்டியிருப்பான்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒருவர் இருக்கிறார். தினமும் எட்டுச் சுற்று. “பிளேட்டோ படிச்சு முடிச்சாச்சு சார்” என்பார். படிக்கவில்லை, கேட்டார். அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில். சாக்ரடீஸ் சாவகாசமாகக் குடித்த விஷத்தை இவர் டீக்கடை கட்டிங் மாதிரி இறக்கியிருக்கிறார். எனக்கு இதில் நிஜமாகவே வயிற்றெரிச்சல். கேட்டதைக் கேட்டேன் என்று சொல்ல ஏன் வெட்கம்? நான் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். வெ. சாமிநாத சர்மாவின் ‘பிளேட்டோவின் அரசியல்’ என் அலமாரியில் பல வருஷமாக இருக்கிறது. அவர் 1942 யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். எனக்கு நாற்காலியிலிருந்து அலமாரிக்கு நடை வரவில்லை. வாரம் ஒரு முறை தூசி தட்டப்படுகிறது, அதுவும் என்னால் இல்லை.

அந்த மாற்றத்தைச் சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறது. சனிக்கிழமை காலை பூங்காவில் நடந்ததைச் சொன்னால் தானாகப் புரியும். நாலாவது சுற்றில் எட்டுச் சுற்றுக்காரர் பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டினார். ஒரு காதை மட்டும் கழற்றினேன்.

“எங்க சார் இருக்கீங்க இப்ப?”

“பார்க்லதான்.”

“அதில்ல சார். அரிஸ்டாட்டில் தாண்டியாச்சா?”

“தாண்டியாச்சு, தாண்டியாச்சு” என்றேன். கழற்றாத காதில் தேலிஸ் அப்போதுதான் கிணற்றை நெருங்கிக்கொண்டிருந்தார்.