277 பேர் சொன்ன பெயர்

ஆபிரகாம் லிங்கனின் முதல் தேர்தலைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஆகவே இந்த வாரம் முழுக்க லிங்கன்தான். அதுவும் தாடி வைத்த ஜனாதிபதி அல்ல, மீசைகூட இல்லாத 23 வயது வேட்பாளர்.

கல்லூரி மாணவர், திண்டுக்கல்: முதல் தேர்தலிலேயே ஜெயித்தாரா?

தோற்றார். 1832 ஆகஸ்ட் 6 அன்று இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தல் அது. அவருடைய மாவட்டத்தில் நான்கு இடங்களுக்கு 13 பேர் போட்டியிட்டார்கள். லிங்கனுக்கு எட்டாவது இடம். ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலம் ஊரில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தன. ஊரறிந்த தோல்வி என்று சொல்வோமே, இது ஊர் ஒப்பாத தோல்வி!

இல்லத்தரசி, ஈரோடு: 277 வாக்கு வாங்க எத்தனை தலைமுறையாக அந்த ஊரில் இருந்தார்?

ஓராண்டு! 1831 ஏப்ரலில் சரக்குப் படகில் கூலியாளாக நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். நியூ சேலத்தில் மாவு ஆலைக்காகக் கட்டியிருந்த அணைமேல் படகு ஏறி மாட்டிக்கொண்டது. முன்பாதி அந்தரத்தில் தொங்க, பின்பாதியில் தண்ணீர் ஏறியது. லிங்கன் பின்பக்கச் சரக்கை இறக்கினார். தொங்கிய முன்பக்கத்தில் ஒரு துளை போட்டார். உள்ளே இருந்த தண்ணீர் அதன் வழியே ஓடி வடிந்தது. துளையை அடைத்தார், படகு அணையைத் தாண்டி வழுக்கிப் போனது. படகில் ஓட்டை போட்டே படகைக் காப்பாற்றியவனை எந்த ஊர் மறக்கும்?

சில மாதங்களில் அதே ஊருக்குக் கடைச் சிப்பந்தியாகத் திரும்பி வந்தார். வட்டாரத்து மல்லன் ஜாக் ஆம்ஸ்ட்ராங்குடன் மல்லுக்கட்டினார். யார் ஜெயித்தது என்று இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. இருவரும் ஆயுட்கால நண்பர்கள் ஆனார்கள் என்பதில் மட்டும் வழக்கே இல்லை.

பொறியாளர், நெய்வேலி: தேர்தல் அறிக்கையில் என்ன வாக்குறுதி கொடுத்தார்?

ஓர் ஆற்றைச் சரிசெய்வதாக. 1832 மார்ச் 9 தேதியிட்ட அந்த அறிக்கையில் பெரும்பகுதி சங்கமான் ஆற்றைப் பற்றியது. வளைவுகளை நேராக்க வேண்டும், மிதந்து வந்து அடைக்கும் மரங்களை அகற்ற வேண்டும், அப்போதுதான் விவசாயியின் விளைச்சல் சந்தைக்குப் போகும் என்று எழுதினார். ரயில் பாதை இதைவிட நல்லதுதான், ஆனால் மதிப்பீடு 2,90,000 டாலர், ஏழைப் பகுதிக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்கையும் வைத்தார். அநியாய வட்டிக்குக் கடிவாளம் கேட்டார். எல்லோருக்கும் கல்வி வேண்டும் என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதோ, எல்லாம் சேர்த்து ஓராண்டுக்கும் குறைவு.

அதே மாதம் ‘டாலிஸ்மன்’ என்ற நீராவிக் கப்பல் அந்த ஆற்றில் வந்தது. கோடாரியுடன் முன்னால் போய்க் குறுக்கே நீட்டிய கிளைகளை வெட்டி வழிவிட்டவர்களில் லிங்கனும் ஒருவர். திரும்பும்போது தண்ணீர் குறைந்துவிட, கப்பலை ஓட்டிச் செல்ல உதவினார். நியூ சேலம் அணையில் ஒரு பகுதியைப் பெயர்த்த பிறகுதான் கப்பலால் கடக்க முடிந்தது. அறிக்கையை எழுதிய கையில் துடுப்பும் கோடாரியும் தந்த காய்ப்பு இருந்தது. அதனால்தான் அதில் வெறும் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

ஆசிரியை, தஞ்சாவூர்: பிறகு ஏன் தோற்றார்?

பிரசாரம் செய்யவேண்டிய நேரத்தில் போருக்குப் போய்விட்டார்! ஏப்ரலில், பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்குக்கு எதிரான போருக்குத் தொண்டர்படை திரட்டினார்கள். படைவீரர்களே வாக்களித்து அவரைத் தலைவராக்கினார்கள். சண்டை எதையும் அவர் நேரில் பார்க்கவில்லை. கொசுக்களோடுதான் ரத்தம் சிந்திப் போராடினேன் என்று பின்னாளில் நாடாளுமன்றத்திலேயே சொல்லிச் சிரிக்கவைத்தார். படை கலைந்தபோது அவருடைய குதிரையும் திருட்டுப்போக, கால்நடையாகவும் சிறு படகிலுமாக ஊர் வந்து சேர்ந்தார். தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நியூ சேலத்துக்கு அவரைத் தெரியும். மற்ற ஊர்களுக்குத் தெரியாது. தோல்விக்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்: லிங்கன் நம்ம ஆள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் ஐயா! 1833 மே மாதம் நியூ சேலத்தின் போஸ்ட்மாஸ்டர் ஆனார். நில அளவையும் கற்றுக்கொண்டு வயல் வயலாகச் சங்கிலி இழுத்தார். போகிற வழியில் இருப்பவர்களின் கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்து எடுத்துப்போய்க் கொடுத்தார். 1834 தேர்தலில் மீண்டும் நின்றபோது, மாவட்டத்தில் பலர் வீட்டு வாசலுக்கு அவர் ஏற்கெனவே கடிதத்தோடு போய் வந்தவர். இம்முறை இரண்டாம் இடம், ஜெயித்துவிட்டார்.

மளிகைக்கடைக்காரர், விருதுநகர்: கடை வைத்து நொடித்தாராமே?

கூட்டாளியோடு நடத்திய கடை மூழ்கியது. கூட்டாளி இறந்தபின் அவர் பங்குக் கடனையும் லிங்கனே ஏற்றார். மொத்தம் சுமார் 1,100 டாலர். அதற்கு ‘தேசியக் கடன்’ என்று பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் கட்டினார். அளவைக் கருவிகள்கூட ஏலத்துக்குப் போயின. நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சட்டமன்றத்துக்குப் போக நல்ல உடை வேண்டுமே? அதற்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் 200 டாலர் கடன். இப்படி ஊர் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் சட்டமன்றம் போனார்.

சட்ட மாணவி, சேலம்: ரகசிய வாக்கெடுப்பில் ஒருவருக்கு யார் வாக்களித்தார்கள் என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. அப்போது இல்லினாயில் வாக்கு ரகசியம் இல்லை. அதிகாரி முன்னால் நின்று பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த 277 பேரும் ஊரார் காதுபடச் சொன்ன பெயர் அது. சொல்லும் உரிமை வெள்ளை இன ஆண்களுக்கு மட்டுமே இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தில் 1837-இல் அடிமை முறையை ஆதரிக்கும் தீர்மானம் வந்தபோது 77 பேர் ஆதரித்தார்கள், ஆறு பேர் எதிர்த்தார்கள். அந்த ஆறில் லிங்கன் ஒருவர். அப்போது அவருக்கு வயது 27.

வாசகர், தூத்துக்குடி: அந்த ஆற்றைச் சரிசெய்தார்களா?

இல்லை. கப்பல் போக்குவரத்து வரவே இல்லை. 1840 வாக்கில் நியூ சேலமே ஆளில்லாமல் காலியாகிவிட்டது. வாக்களித்த ஊரும் இல்லை, வாக்குறுதியைக் கேட்க ஆளும் இல்லை. ஆனாலும் அவர் மறக்கவில்லை. 1849-இல், ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டும் கப்பலைத் தூக்கிவிடும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், எண் 6469. காப்புரிமை பெற்ற ஒரே அமெரிக்க ஜனாதிபதி அவர்தான்.

22 வயதில் அணையில் மாட்டிய படகு, 40 வயதிலும் அவர் மனதைவிட்டு நகரவில்லை. ஓர் இளம் வேட்பாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றால் நான் எடைபோட விரும்புவது இதைத்தான்: தோற்ற பிறகும், கேட்பதற்கு ஆளில்லாத பிறகும், எங்கள் ஆற்றை இவர் நினைத்துக்கொண்டிருப்பாரா?