பப்ளிக்கா அண்ணன்

யாங்கூனில் தமிழர் கூடுகிற தேநீர்க்கடை எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் இருப்பார். கடைக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, ஒரு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றி நிறுத்திய சின்ன டொயோட்டா பப்ளிக்கா பிக்கப் அவருடையது. அதைப் பார்க்கத் தோதான குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலாகத் தேடித்தான் உட்காருவார். அதை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதற்கும் அந்த இடமே வசதி. போகிற போக்கில் நீங்கள் ஒரு கணம் கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் தீர்ந்தது. "என்ன வண்டின்னு நினைக்கிறீங்க?" என்பார். பிக்கப் என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும்.

"ஸ்போர்ட்ஸ் காருங்க. பின்னாடி கொஞ்சம் எடம் கூட விட்டிருக்கான், அவ்வளவுதான்."

அப்புறம் லாப்பெயே, அதாவது பர்மியப் பால் தேநீர், வரும். கூடவே வம்சாவளியும் வரும்.

1961இல் டொயோட்டா, சாமானிய ஜப்பானியக் குடும்பத்துக்காகப் பப்ளிக்கா என்ற சிறு காரை விட்டது. அதன் உறுப்புகளைக் கொண்டே 1965இல் ஸ்போர்ட்ஸ் 800 பிறந்தது. 790 சிசி, இரண்டே சிலிண்டர், காற்றிலேயே குளிர்கிற எஞ்சின், 45 குதிரைத் திறன், மொத்த எடை 580 கிலோ. 1966இல் சுசுக்கா 500 கிலோமீட்டர் பந்தயத்தில் பெரிய எஞ்சின்காரர்கள் பெட்ரோல் போட ஒதுங்கிக்கொண்டிருக்க, இது நடுவில் ஒரு சொட்டும் போடாமல் ஓடி முடித்தது. இவ்வளவும் உண்மை. அண்ணன் சொல்லாமல் விடுகிற உண்மை ஒன்று இருக்கிறது. அவருடைய பிக்கப் பல வருடம் கழித்து வந்த தலைமுறை. அதில் வந்தது கொரோலாவில் இருந்த அதே கே வகை எஞ்சின்: நான்கு சிலிண்டர், தண்ணீரில் குளிர்வது. சுசுக்காவில் ஓடியதற்கும் சாக்கடை ஓரம் நிற்பதற்கும் வம்சப் பெயர் தவிர வேறு பொருத்தம் கிடையாது.

இதை எடுத்துச் சொல்கிறவர்கள் மீது அவருக்குக் கோபம் வராது. "தாத்தாவுக்கு ரெண்டு சிலிண்டர், பேரனுக்கு நாலு. வம்சம் விருத்தியாயிருக்கு" என்று முடித்துவிடுவார்.

அவர் கொண்டாடுவது வேகத்தை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சுசுக்கா கதையில் அவர் குரல் தழுதழுக்கும் இடம், பெட்ரோல் போடாமல் ஓடிய இடம். ராணுவ ஆட்சிக் காலத்தில் சொந்தக் காருக்கு நாளைக்கு இரண்டு கேலன் என்று அரசாங்க பெட்ரோல் பங்கில் அளந்து ஊற்றிய ஊர் இது. மிச்சத்துக்குத் தெருவோரத்தில் கறுப்புச் சந்தை. ரேஷன் புத்தகத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவருக்கு, மற்றவனை முந்தியவனைவிட பங்குக்கே போகாதவன்தான் மாவீரன்.

இப்படிப்பட்ட ஆள் டோக்கியோவிலும் உண்டு, லாஸ் ஏஞ்சலிஸிலும் உண்டு. அங்கே பழைய காரைக் கொண்டாடுவது காசுள்ளவன் பொழுதுபோக்கு. 2013இல் டொயோட்டா 2000ஜிடி ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. (அண்ணிக்கு இந்தத் தொகை மனப்பாடம். அத்தனை தடவை கேட்டிருக்கிறார்.) யாங்கூனிலோ எல்லாருமே பழைய கார்தான் ஓட்டினார்கள், பல பத்தாண்டுகளாக, வேறு வழியில்லாமல். இறக்குமதி அனுமதி சாமானியன் கைக்கு எட்டாத பொருள். 1980களில் செய்த நிஸ்ஸான் சன்னி ஒன்றுக்கு 2010இல் இங்கே கேட்ட விலையில் வேறு நாட்டில் புத்தம்புதுக் காரே வாங்கலாம். வண்டியைச் சாக விட்டால் அடுத்தது கிடையாது. ஆகவே சாயா என்று அழைக்கப்படும் பட்டறை வாத்தியார்கள் இல்லாத உதிரியை லேத்தில் கடைந்தார்கள், தகரத்தை வெட்டி ஒட்டினார்கள், ஒரு வண்டியின் குடலை இன்னொரு வண்டிக்கு வைத்தார்கள். ஊரே தலையெழுத்து என்று செய்துகொண்டிருந்ததை அண்ணன் ஒருவர்தான் ஆசையாகச் செய்தார்.

2011 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு கதவைத் திறந்தது. நாற்பது வயது தாண்டிய வண்டியை ஒப்படைத்தால் வெளிநாட்டிலிருந்து ஒரு கார் கொண்டுவர அனுமதி. பிறகு அந்த வயது முப்பதானது, அப்புறம் இருபதானது. அந்த அனுமதி 'ஸ்லிப்' என்ற பெயரில் தரகர்களிடம் லட்சங்களில் கைமாறியது. மாமரத்தடியில் கோழி அடைத்திருந்த ஜீப்புகளெல்லாம் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பின, நசுங்கப் போவதற்கு. பர்மாவிலேயே பூட்டிய மஸ்தா ஜீப்புகள் போயின, பப்ளிக்காக்கள் போயின. அதே தெருக்களுக்குள் மார்க் டூ வந்தது, புரோபாக்ஸ் வந்தது, ஹோண்டா ஃபிட் வந்தது.

அண்ணன் கொடுக்கவில்லை. அவருடைய அப்பா அந்த வண்டியில் திரி மிங்கலா சந்தைக்கும் வீட்டுக்குமாகக் காய்கறி அடித்தவர். மழை பெய்தால் இன்றைக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் காரில் கொத்தமல்லி வாசம் வரும். தரகர் வாசலில் நின்று பணக்கட்டைப் பிரித்துக் காட்டினாராம், அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "அன்னைக்குக் குடுத்திருந்தா இன்னைக்கு ஏசி காரு" என்று அண்ணி நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் நினைவூட்டுகிறார். என் கணக்கில் அந்த மறுப்புதான் அண்ணனை உருவாக்கியது. அதுவரை அவர் பழைய வண்டிக்காரர். சுற்றியிருந்த பழைய வண்டிகளெல்லாம் நசுங்கி முடிந்ததும் கிளாசிக் வண்டிக்காரர் ஆகிவிட்டார். இதற்காக ஒரு திருகுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாற்றாமலும் இல்லை. முதலில் எஞ்சின். லைட்ஏஸ் வேன் ஒன்றிலிருந்து 1,500 சிசி 5கே எஞ்சினை இறக்கி இதில் ஏற்றினார். ஒரே குடும்பம் என்பதால் பெரிதாக அடம்பிடிக்காமல் உட்கார்ந்துகொண்டது. ஓனர் புக்கில் எஞ்சின் நம்பரை மாற்றி எழுத அலைந்த கதையைக் கேட்கத் தொடங்கினால் உங்கள் இரண்டாவது லாப்பெயேயும் ஆறிவிடும். முன்பு யாரோ கதவுக்கு மாற்றியிருந்த கண்ணாடிகளைப் பிடுங்கி, மறுபடியும் முன் மட்கார்டின் மேலேயே நட்டார். ஜப்பானில் கதவில் கண்ணாடி வைக்க அனுமதியே 1983இல்தான் வந்தது, அதற்கு முந்திய வண்டிக்குக் கதவில் கண்ணாடி இருப்பது சரித்திரப் பிழை என்பது அவர் கட்சி. பாங்காக்கின் சியங்கோங் பழைய சாமான் கடைகளிலிருந்து எட்டுக் கை வாட்டனபே சக்கரங்கள் வந்தன. கழற்றி உள்பக்கம் பார்த்தால் வாட்டனபே என்ற பெயரில் எழுத்து ஒன்று குறையும். சைலன்சரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருமுனையில் அவர் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும்.

யாங்கூனில் மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபரில்தான் விடும். அது தின்றது போக மிஞ்சிய தரைத்தகட்டில், கால் வைக்கிற இடத்தில், கீழே ஓடுகிற சாலை தெரியும். கேட்டால், "எடை குறைச்சிருக்கேன்" என்பார்.

2020இல் டொயோட்டா தன் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மறுபடி உதிரிபாகம் செய்து விற்கத் தொடங்கியது. 2000ஜிடிக்கும் பழைய சுப்ராக்களுக்கும் முதலில் வந்தன. அந்தச் செய்தியை அச்செடுத்து, மடித்து, பர்ஸில் வைத்திருக்கிறார். பப்ளிக்கா பிக்கப் அதில் விட்டுப்போனது தட்டச்சு செய்தவர் கவனக்குறைவு என்றே நம்புகிறார்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வண்டியை உண்மையில் ஓட்டுவது அவர்தான். 1970 டிசம்பரில் பர்மா ஒரே நாளில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஜனங்கள் மாறினார்கள், வண்டிகள் மாறவில்லை. அதற்குப் பிறகு ஜப்பானிலிருந்து வந்து குவிந்தவற்றுக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கமே. ஆக, ஓட்டுகிறவர் நடைபாதையை உரசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்பது அவர் கண்ணுக்குப் படாது. இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் தெரியும்.

"போலாமா?"

"இருங்க."

"இப்ப?"

"லாரி வருது."

"இப்ப?"

"அவ்வளவு வேகமா போயி அங்க என்ன பண்ணப் போறீங்க?"

ராலிப் பந்தயங்களில் பக்கத்தில் உட்கார்ந்து வழி படித்துச் சொல்கிற துணை ஓட்டுநருக்குக்கூட இத்தனை அதிகாரம் கிடையாது. டோல் கேட்டில் பணம் நீட்டுவதும் அண்ணியே, ஆகவே சில்லறையும் அவர் கையில்தான். இருவருக்கும் சண்டை நடக்கிற நாளில் அண்ணி ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார். அன்றைக்கு இன்செயின் வரை ஒரே பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே போவார்கள், 1,500 சிசி எஞ்சின் முழுபலத்தோடு உறுமிக்கொண்டிருக்க.

பகோ போகும் சாலையில் ஷ்வே ஞாவுங் பின் என்று ஓர் ஆலமரம், அதில் ஒரு நாட் தெய்வம். புது வண்டி வாங்கியவர்கள் அங்கே வந்து, மரத்துக்கு எதிரே வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்தி, ஹாரன் அடித்து வணங்கிவிட்டுப் போவது வழக்கம். எஞ்சின் மாற்றிய வண்டி புது வண்டிதான் என்று அண்ணனும் போனார். காலையில் அனவ்ரதா சாலைப் பக்கத்துக் காளியம்மன் கோயிலில் பூசை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். கண்ணாடிகளில் சிவப்பும் வெள்ளையுமாக ரிப்பன், நாவல் இனத்துத் தபியே இலை ஒரு கொத்து. மரத்தடியில் வண்டி முன்னால் கம்பீரமாகப் போனது. ரிவர்ஸ் கியர் விழவில்லை. வரிசையில் பின்னால் நின்ற புத்தம்புதுக் கார்க்காரர்கள் இறங்கி வந்து, மூன்று முறையும் பின்னுக்குத் தள்ளி, நமஸ்காரத்தை நிறைவேற்றிக் கொடுத்தார்கள். எந்தத் தெய்வம் எதைக் கவனிக்கிறது என்பதில் அண்ணனுக்குக் குழப்பமே இல்லை. "ரோட்ட நாட் பாத்துக்கும், எஞ்சின அம்மா பாத்துக்குவா. ரிவர்ஸத்தான் ரெண்டு பேருமே கைவிட்டுட்டாங்க."

சாயங்காலமானால் மார்க் டூ ஓட்டுகிற தம்பிகள் வந்து சேர்வார்கள். யாங்கூனில் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. மற்ற ஊர்களில் இருசக்கர வண்டியில் தீர்த்துக்கொள்கிற வயசுக் கோளாறை இங்கே நான்கு சக்கரத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒரு தம்பியின் மார்க் டூவில் டர்போ கிடையாது. டர்போ வைத்த 1ஜேஇசட் எஞ்சின் அவன் கனவு. கனவு பலிக்கிற வரைக்கும் சைலன்சருக்குள் ஒரு விசில் செருகி வைத்திருக்கிறான், டர்போ சத்தம் மட்டும் வரும். ஏஇ86இல் டோஃபு கொண்டுபோகிற 'இனிஷியல் டி' பையனைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்ததும் எல்லாரும் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32க்கு வருவார்கள். 1989இல் பிறந்த அதைப் பற்றிப் பேசலாம், வாங்க முடியாது. 25 வயதானால் இறக்கலாம் என்ற சட்டப்படி அமெரிக்கர்கள் 2014 முதல் வாரிக்கொண்டு போனதில் விலை மேலே போய்விட்டது. வலப்பக்க ஸ்டீயரிங்கில் மட்டுமே செய்த வண்டி அது. இங்கே 2017இல் இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு மட்டும்தான் வழி என்றார்கள், 2021இல் கார் இறக்குமதியையே நிறுத்தினார்கள். தம்பிகள் பெருமூச்சு விடும் இந்த இடத்தில் அண்ணன் ஒன்றும் பேசுவதில்லை. தன் பிக்கப்பைப் பார்த்து லேசாகத் தலையாட்டிக்கொள்வார்.

இப்போது ஊருக்குள் சீனத்து மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றை அவர் கார் என்று ஒப்புக்கொள்வதில்லை. "கரண்டு எப்ப வரும்னு தெரியாத ஊர்ல கரண்டுல ஓடுற வண்டி!" என்கிறார். நாளொன்றுக்கு இரண்டு கேலன் காலத்தைத் தாண்டி வந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வருஷத்தில் ஒரே ஒரு சமயம், சித்திரைப் பிறப்பை ஒட்டி வருகிற திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவில், அது பிக்கப்தான் என்று தாமாகவே ஒப்புக்கொள்வார். பின்பெட்டியில் தண்ணீர் டிரம் ஏறும், சந்துப் பிள்ளைகள் ஏறுவார்கள், அவர்களுடைய நண்பர்கள் ஏறுவார்கள், ஸ்பிரிங் தட்டு நிமிர்ந்து போகும். எடை குறைப்பதைப் பற்றி அன்று ஒரு வார்த்தை வராது. தரையிலுள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானே வடிந்துவிடுவதைச் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா?" என்பார்.

யாங்கூன் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவரைத் தேடி அலைய வேண்டாம், நீங்கள் லாப்பெயே குடிக்க உட்கார்ந்தால் அவரே வருவார். புறப்படுகிற அன்று, "டாக்ஸி எதுக்கு, ஏர்போர்ட்ல நானே விட்டுடறேன்" என்பார். மறுக்காதீர்கள், மனசு நோகும். இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், தள்ளுவதற்குத் தோதான செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி வராத நாளாக இருந்து முன்சீட்டு உங்களுக்கு வாய்த்துவிட்டால், எதிரே லாரி வருகிறதா என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பு உங்களுடையது.