வீட்டுக்கு அட்மின் யார்?

ஆவடி டாங்கி தொழிற்சாலையில் கேட் பாஸ் இல்லாமல் ஈ கூட நுழைய முடியாது என்று பெருமை பேசும் ஃபோர்மேன், வீட்டுக் கம்ப்யூட்டரில் வெறும் 'ஸ்டாண்டர்டு யூசர்'. 2011-ல் அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோதே பல வீடுகளில் ஆட்சி மாறிவிட்டது. விண்டோஸில் முதல் கணக்கைத் திறப்பவரே அட்மினிஸ்ட்ரேட்டர், திறந்தது பிள்ளை. அதற்குப் பின் வந்த கம்ப்யூட்டர்களிலும் அதே வழக்கம்தான். பிரிண்டர் சாஃப்ட்வேர் போடப் போனால் திரை மங்கி, பாஸ்வேர்டு கேட்கிறது.

"டேய், வந்து போட்டுட்டுப் போடா."

"டியூஷன் முடிஞ்சு வரேன்ப்பா."

அம்மாவுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் கரன்ட் பில் கட்டுவது மட்டும் அவர்தான். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு அட்மின்கள் இருக்க விண்டோஸ் தாராளமாக அனுமதிக்கிறது. ஆனால் இன்னொருவரை அட்மின் ஆக்கவும் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும்.